எழுத்துத் தடை என்பது என்ன? பயணம் அதை எப்படி விலக்குகிறது?

எழுதுவதற்கு விருப்பமும் நேரமும் இருந்தும், அடுத்த வரி மட்டும் வராமல் நாட்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நின்றுவிடும் நிலையே எழுத்துத் தடை.

எழுதும் மனத்தோடு திருத்தும் மனமும் சேர்ந்து விழித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் பிறக்கும் முன்பே தள்ளிவிடுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். மேசையை விட்டு எழாமல் முயன்றால் அந்தக் கண்டிப்பு கூடுமே தவிரக் குறையாது.

1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், கடலுக்கு மிக அருகிலேயே, மணலில் தோண்டிய சிறு ஊற்றுகளில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. மழைநீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் மணலுக்குள் அதன் மேல் மிதந்து நிற்கிறது. அங்கே ஒரு மூதாட்டி சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவதையும், குழி மீண்டும் ஊறும்வரை குத்தவைத்துக் காத்திருப்பதையும் நெடுநேரம் பார்த்திருந்தேன். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். மனமும் அப்படித்தான் ஊறுகிறது.

அந்தக் காத்திருப்பைப் பயணம் இன்பமாக்குகிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து சென்ற காலத்தில், இருபுறமும் கடல் மட்டுமே தெரிய, உப்புக் காற்று முகத்தில் அறைய, கண்ணுக்கும் காதுக்கும் முழு வேலை கிடைத்ததால் திருத்தும் மனம் தானாக ஓய்ந்துவிடும்.

சென்ற ஊரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று பலர் எண்ணுவது தவறு. அந்த ஊற்றருகே எனக்குக் கிடைத்தது, பரமக்குடியின் தறிவீடு ஒன்றில் நடக்கும் கதையின் முதல் வரி.