கட்டில் காலில் இடித்த விரல் ஏன் இரண்டு முறை வலிக்கிறது? நரம்பியல் கேள்வி-பதில்

கேள்வி: அம்மாவுக்குக் குளுக்கோஸ் ஏற்ற வந்த நர்ஸ், "நரம்பே கிடைக்கவில்லை" என்று நான்கு இடத்தில் குத்தினார். நரம்பியல் டாக்டர்கள் பார்ப்பதும் இதே நரம்பைத்தானா? (தேனி)

இல்லை. ஊசி தேடுவது ரத்தக்குழாயை. புறங்கையில் பச்சையாகத் தெரிகிற சிரையை. அதையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். காலில் நெளிந்து புடைக்கும் ‘நரம்புச் சுருட்டல்’கூடச் சிரை நோய்தான். அதற்காக என் அறை வாசலில் மணிக்கணக்கில் காத்திருந்து, பிறகு வேறு மருத்துவரிடம் போக நேர்கிறவர்களைப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. உண்மையான நரம்பு வெளியே தெரியாது. வெண்மையாக, நூல்கற்றை போலத் தசைகளுக்கிடையே பதுங்கி ஓடும். ஒன்றை மட்டும் நீங்களே தொட்டுப் பார்க்கலாம். முழங்கையின் உட்புறம், எலும்பு மேட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெல்ல உருட்டுங்கள். கயிறு போல நழுவும். சுண்டுவிரல் வரை சுரீரென்று ஷாக் அடிக்கும். அதுதான் அல்நார் நரம்பு.

கேள்வி: கட்டில் காலில் கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்கிறது. தப்பித்தோம் என்று நினைப்பதற்குள் உயிர் போகிற வலி வருகிறது. ஏன் இந்தத் தாமதம்? (திருச்சி)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இடித்தது ஒருமுறைதான், செய்தி கிளம்பியது இரண்டு வகை நார்களில். ‘ஏ-டெல்டா’ என்ற மெல்லிய நார்கள் வினாடிக்குச் சுமார் 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ‘சுருக்’கைக் கொண்டுபோகின்றன. ‘சி’ நார்களின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கால்விரலிலிருந்து தண்டுவடம் வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரம். அந்த ஒரு வினாடிதான் நீங்கள் ‘தப்பித்தோம்’ என்று நினைக்கிற நேரம்.

வேகம் ஏன் வேறுபடுகிறது? நரம்பில் ஓடுவது வீட்டு வயரில் ஓடும் மின்சாரம் போன்றதல்ல. அமைதியாக இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டுதல் வந்ததும் சவ்விலுள்ள கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த இடத்தில் மின்னழுத்தம் தலைகீழாகிறது. அது பக்கத்துக் கதவைத் திறக்கிறது. தளம் போடும் நாளில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுகிறார்களே, அப்படி. ‘சி’ நாரில் ஒருவர் விடாமல் ஒவ்வொரு கையாக மாற வேண்டும். ‘ஏ-டெல்டா’ போன்ற, மயலின் என்னும் கொழுப்பு உறை சுற்றிய நாரில் செய்தி, உறையின் இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகிறது.

இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்றுதான் ஒரு காலத்தில் எண்ணினார்கள். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் ஒரு தவளையின் கால் நரம்பை வைத்து அளந்துகாட்டினார்: வினாடிக்கு 30 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ரயில் வேகம்தான்.

இடித்த இடத்தை நாம் தேய்த்துவிடுவதிலும் பொருளிருக்கிறது. தொடுவுணர்வைக் கொண்டுபோகும் தடித்த நார்கள், தண்டுவடத்தில் வலிச்செய்தியின் வழியை ஓரளவு அடைக்கின்றன. அம்மா தடவிவிட்டால் குழந்தை அழுகையை நிறுத்துவதற்கு அன்போடு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மிளகாய் கிள்ளிய கை இரவெல்லாம் எரிந்தது. தோலில் ஒன்றுமே இல்லை. (விருதுநகர்)

தோல் வெந்திருந்தால்தானே தெரியும். சூடு சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது திறக்கிற கதவு ஒன்று வலி நரம்பின் நுனியில் இருக்கிறது. மிளகாயின் கேப்சைசின் அதே கதவைத் திறந்துவிடுகிறது. மூளை அதைச் சூடு என்றே படிக்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள்.

கேள்வி: தரையில் படுத்துறங்கிய ஒரு பெண் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்றார். பிறகு அவரால் இமையைத் திறக்க முடியவில்லை. கட்டுவிரியன் கடித்திருக்கிறது என்றார்கள். கடிபட்ட இடத்தில் வலியில்லாமல் இப்படி ஆகுமா? (தஞ்சாவூர்)

ஆகும். கட்டுவிரியனின் கொடுமையே அதுதான். நரம்பின் முனையும் தசையும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அதைக் கடந்துபோய்ச் சேர்ந்தால்தான் தசை சுருங்கும். கட்டுவிரியனின் நஞ்சு, அந்த வேதிப்பொருளை வைத்திருக்கும் நரம்பு முனையையே சிதைக்கிறது. உத்தரவு கிளம்புகிறது, போய்ச் சேருவதில்லை. முதலில் இமை சரியும், பிறகு விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும்.

மூளை மட்டும் விழித்திருக்கும். இதை உறவினர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கண் திறக்காமல், கை அசைக்காமல் வென்டிலேட்டரில் கிடந்த ஓர் அம்மா, பிழைத்தெழுந்த பிறகு, கட்டிலருகே நின்று யார் யார் என்ன சொல்லி அழுதார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர்களிடம் பேசுங்கள், அவர்களுக்குக் கேட்கிறது. சிதைந்த முனைகள் மீண்டும் முளைக்க நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். அதுவரை மூச்சைக் காப்பாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள். விஷமுறிவு மருந்தைத் தாமதமின்றி ஏற்ற வேண்டும். அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சை வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். நன்றியோடு நினைக்க வேண்டிய உழைப்பு. தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணாடி கிழித்து மணிக்கட்டில் நரம்பு அறுந்து, தைத்திருக்கிறார்கள். ஒரு மாதமாகியும் சுண்டுவிரல் மரத்தே இருக்கிறது. வருமா? தென்னையிலிருந்து விழுந்த என் மாமாவுக்குக் கால் திரும்ப வரவேயில்லை. (பொள்ளாச்சி)

உங்களுக்கு வர வாய்ப்பு நிறையவே இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். அறுந்த நார் தையலைத் தாண்டி நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். தையலிலிருந்து விரலை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சுர்ரென்னும், வளரும் முனை அங்கே வந்திருக்கிறது. மாதாமாதம் அந்த இடம் முன்னேறுகிறதா என்று பாருங்கள். அதுவரை அந்த விரல் சூடான பாத்திரத்தில் படாமல் காத்துக்கொள்ளுங்கள், வெந்தாலும் தெரியாது.

உங்கள் மாமாவுக்கு அடிபட்டது தண்டுவடத்தில். மூளையும் தண்டுவடமும் சேர்ந்த மைய நரம்பு மண்டலத்தில், கைகால் நரம்புகளைப் போல் வளர்ச்சிக்கு வழிவிடும் துணைச் செல்கள் இல்லை; அங்குள்ள மயலினும் காயத் தழும்பும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. இதை மாற்ற வழி தேடும் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

கேள்வி: வயது 21. டீ டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. நரம்புத் தளர்ச்சி என்று ஓரிடத்தில் மாதக்கணக்கில் லேகியம் கொடுத்தார்கள். (ஊர் வேண்டாம்)

தம்பி, நரம்பு தளர்வதும் இல்லை, இறுகுவதும் இல்லை. 1869இல் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பிய ‘நியூராஸ்தீனியா’ என்ற பெயரின் தமிழ் வடிவம் போன்றதுதான் நீங்கள் கேள்விப்பட்டது. மருத்துவம் அதைக் கைவிட்டுப் பல காலமாகிறது. சுவர் விளம்பரங்கள் கைவிடவில்லை. விந்து வெளியேறுவதால் நரம்பு கெடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். உங்கள் நடுக்கத்துக்குத் தைராய்டு, பதற்றம், நீங்கள் சாப்பிடும் ஏதாவது மருந்து, குடும்பத்தில் தொடர்ந்து வரும் நடுக்கம் என்று பல காரணங்கள் இருக்கலாம். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இப்படி இருந்ததா என்று வீட்டில் கேளுங்கள். தைராய்டு பரிசோதனை செய்துகொண்டு ஒரு மருத்துவரிடம் கையை நீட்டிக் காட்டுங்கள். வெட்கப்பட இதில் எதுவுமில்லை.

கேள்வி: சாப்பிடும்போது அப்பாவின் வலது கை தட்டிலேயே விழுந்தது, பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஸ்கேன் அவசியமா? (மதுரை)

கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்: அவசியம், அன்றைக்கே. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. உள்ளே பாய்ந்த சோடியத்தை வெளியேற்றும் வேலைக்கே அதில் பெரும்பங்கு போகிறது. சேமிப்பு கிடையாது. ரத்தம் நின்ற நொடியிலேயே நெருக்கடி. அப்பாவுக்கு மூளை ரத்தக்குழாயில் வந்த அடைப்பு தானாக விலகிவிட்டது. அடுத்தது விலகாமல் பக்கவாதமாகிவிடலாம். முதல் இரண்டு நாட்களில்தான் ஆபத்து அதிகம். வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்விகளில் அது ஒன்று.