1972 எம்ஜிபி ஓப்பன் கார்: டிங்கரிங் தெரியாதவர் எந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: இங்கிலாந்தில் வாங்கிய 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (இருவர் உட்காரும் பிரிட்டிஷ் திறந்த கார்), எஞ்சின் ஓடுகிறது, கதவுக்குக் கீழே துரு, டிங்கரிங் அனுபவம் கிடையாது, முதலில் பெயின்ட்டை உரிக்கலாமா?

வேண்டாம். முதலில் கதவைப் பாருங்கள்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. பாடி துருப்பிடித்தாலும் சேஸிஸ் தாங்கும். எம்ஜிபிக்கு அது கிடையாது, பாடியேதான் சேஸிஸ். தகட்டுக் கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும் ஸில் என்ற பெட்டிதான் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஸில் உளுத்துப்போனால் கார் நடுவில் தொய்யும். அதைக் காட்டிக்கொடுப்பது கதவின் இடுக்கு. பின்பக்க இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக, சுமார் 4–5 மி.மீ. இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் வண்டி ஏற்கெனவே தொய்ந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே வெட்டுவதற்கு முன் அளவெடுங்கள். கதவின் முன்தூணிலிருந்து பின்தூணுக்கு மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு, குறுக்காக இரண்டு. எண்களைச் சுவரிலேயே எழுதிவையுங்கள், தாள் தொலைந்துவிடும். பிறகு முன்பக்கம் கிராஸ் மெம்பருக்கு (முன் சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக இருக்கும் சட்டம்) அடியிலும், பின்பக்கம் ஆக்ஸிலுக்கு அடியிலும் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தின் மேல் நிற்பது போலவே எடை இறங்கும்படி நிறுத்துங்கள். ஸில்லுக்கு நடுவில் ஜாக்கி கொடுத்தால் நடுப்பகுதி மேலெழும்பும், இடுக்கு மேல்பக்கம் விரியும். அந்த நிலையில் வெல்டு வைத்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். 25 மி.மீ. சதுரக் குழாயை இரு தூண்களுக்கும் இடையே உள்பக்கமாகப் போட்டு இறுக்குங்கள். கதவு மூடித் திறக்க இடம் விட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மூடித்தான் சரிபார்க்கப் போகிறீர்கள். ஒரு பக்கம் முழுசாக முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

ஸில் என்பது ஒரே தகடு அல்ல. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் கேஸில் ரெயில் என்ற பட்டைத்தகடு என்று அடுக்காக இருக்கும். வெளித்தகடு முன் விங்குக்கு (சக்கரத்தை மூடும் பக்கத்தகடு) அடியிலும் பின் விங்குக்கு அடியிலும் உள்ளே போகிறது. முன் விங் போல்ட்டில் நிற்பதால் கழற்றிவிடலாம். பின் விங் வெல்டு. அதன் கீழ்முனையை வெட்டித்தான் ஆக வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பி, வெளியே தெரியும் நீளத்துக்கு மட்டும் மூடுதகடு ஒட்டி விற்கிற கார்கள் ஏராளம். உங்கள் காரிலும் பழைய மூடுதகடு இருக்கிறதா என்று ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். டங் என்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் உள்ளே பட்டியோ துருவோதான். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரிப் பெட்டிகளையும் தட்டுங்கள், அவையும் பெரும்பாலும் ஓட்டையாகியிருக்கும்.

வெல்டிங்குக்கு 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான்–கார்பன் டை ஆக்ஸைடு கேஸ் கலவை உள்ள மிக் (கம்பி தானாக வரும்) வெல்டிங் மெஷின் வேண்டும். கேஸ் இல்லாத மெஷின் மெல்லிய தகட்டைச் சுலபமாக ஓட்டை போட்டுவிடும். காரில் கை வைப்பதற்கு முன் 0.9 மி.மீ. துண்டுத் தகடுகளில் பழகுங்கள். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டு (தகடுகளைச் சேர்க்கும் பொட்டு வெல்டு) இருந்த இடத்தில், மேல்தகட்டில் 6 மி.மீ. துளை போட்டு, அடித்தகட்டின் நடுவில் ஆர்க்கைத் தொடங்கி, வட்டமாக வெளியே வந்து துளையை நிரப்ப வேண்டும். ஆறியதும் துண்டை வைஸில் பிடித்துப் பிய்த்துப் பாருங்கள். அடித்தகட்டிலிருந்து ஒரு பொட்டு கிழிந்து வந்தால் வெல்டு பிடித்திருக்கிறது. வழுவழுவென்று கழன்று வந்தால் சூடு போதவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து.

விங் போன்ற வெளித்தகட்டில் ஒரே இழுப்பாக வெல்டு இழுக்காதீர்கள். சூட்டில் விரிந்த உலோகம் ஆறும்போது சுருங்கித் தகட்டை அலையாக்கிவிடும். 25 மி.மீ.க்கு ஒரு பொட்டு வைத்து, இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று என்று தாவித் தாவி நிரப்புங்கள். இடையில் தொட்டுப் பார்த்து, கை தாங்குகிற சூட்டுக்கு வந்த பிறகே அடுத்த பொட்டு. கிரைண்டரையும் ஒரே இடத்தில் அழுத்தக் கூடாது, அந்தச் சூடும் வளைக்கும்.

வெல்டுக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளையும் எடுங்கள். அடிப்பக்கத் தார்ப்பூச்சு தீப்பிடிக்கும். ஓரம் முழுக்கச் சுரண்டி, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

பட்டி 2–3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் தகட்டை இன்னும் தட்ட வேண்டும். 80, 180, 320 எண் உப்புத்தாள்களை வரிசையாகக் கட்டையில் சுற்றித் தேயுங்கள், விரலால் தேய்த்தால் விரல் தடம் பெயின்ட்டில் தெரியும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவே கூடாது: அது தண்ணீரை உறிஞ்சி, சில மாதத்தில் பெயின்ட்டைக் கொப்புளமாக்கும். கடைசியாக அடிக்கும் 2கே (ஹார்டனர் கலக்கும்) பெயின்ட்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது. அந்த ஒரு வேலையைப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது.

பெயின்ட் காய்ந்த பிறகு, அடியில் உள்ள வடிகால் துளைகளில் சொட்டும்வரை ஸில்லுக்குள் மெழுகு பீய்ச்சுங்கள். தகட்டு இணைப்புகளை அடைக்கும் சீலர் பூசும்போது அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், உள்ளே தேங்கும் தண்ணீர் புது ஸில்லையும் தின்றுவிடும். மடக்கும் வினைல் கூரை கடைசியில். கதவுக் கண்ணாடியை முழுக்க ஏற்றி வைத்து, கராஜ் 20 டிகிரியாவது இருக்கும் நாளில் பொருத்துங்கள். குளிரில் விறைத்த வினைலை இழுத்து ஒட்டினால் வெயில் வந்ததும் தொய்ந்துவிடும்.