படகோடு மலையேறுகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கேரவன், தூண்டில், சிறு படகு. இந்த மூன்றையும் சேர்த்து நீலகிரிக்கோ பழனி மலைக்கோ கொண்டுவர நினைப்பவர்களின் கேள்விகள் இந்த முறை நிறைய சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். பெரும்பாலானோர் படகைப் பற்றிக் கேட்கிறார்கள். எனக்கோ சாலையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய கேரவன் வைத்திருக்கிறோம். 12 அடி ஃபைபர் படகை டிரெய்லரில் வைத்து இழுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக அவலாஞ்சிக்குப் போக முடியுமா? (ஈரோடு வாசகர்)

முடியும். ஆனால் செய்யாதீர்கள் என்பதே என் பதில்.

குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி வளைவில் திரும்பும்போது பின்னால் வரும் டிரெய்லர் அதே தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதற்கு இடம் விட வேண்டுமானால் நீங்கள் வெளிப்பக்கம், அதாவது எதிரே வருபவரின் பக்கம், விரித்துத் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் மேலிருந்து ஒரு பஸ் வந்தால் நிற்கத்தான் வேண்டும். நின்ற பிறகு பின்னால் எடுக்க வேண்டும். டிரெய்லரை ஏற்றத்தில், வளைவில், பின்னால் பத்து கார்கள் ஹாரன் அடிக்கப் பின்னோக்கி எடுத்துப் பழகியவர் நம்மூரில் எத்தனை பேர்? ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்று விதி இருக்கிறது. மலைப்பாதைக்குப் புதியவர்கள் பலருக்கு அது தெரிவதில்லை.

இறக்கம் இன்னும் மோசம். சிறிய டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. இறக்கம் முழுவதும் அது உங்கள் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். பர்லியாறு கடைகள் அருகே சக்கரத்திலிருந்து புகை கிளம்ப வண்டியை நிறுத்திவிட்டு, சக்கரத்தின் மீது பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். பழுக்கச் சூடான டிரம்மும் டிஸ்க்கும் திடீரென்று குளிர்ந்தால் வளையும், விரிசலும் விடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். வேகத்தை எஞ்சின் பிடிக்கட்டும். பிரேக்கை அழுத்தியபடியே வராமல், அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்குங்கள். சூடேறிவிட்டால் அரை மணி நேரம் சும்மா நிறுத்தினால் போதும்.

டிரெய்லர் தனி வாகனம் என்பதால் அதற்கும் பதிவு வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். நீலகிரிக்குள் வரும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கோடை சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் சாலை, இறங்குவதற்குக் கோத்தகிரி சாலை என்று ஒருவழியாக்குவார்கள். கிளம்புமுன் அதையும் விசாரியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் படகு வேண்டும் என்றால், மடித்து வண்டிக்குள் வைக்கக்கூடிய காற்றுப் படகை வாங்குங்கள். ஃபைபர் படகைப் பவானிசாகர்ப் பக்கமோ அமராவதிப் பக்கமோ சமவெளியில் வைத்துக்கொள்ளலாம். அங்கும் முதலில் அனுமதிதான்.

டிரெய்லர் வேண்டாம், கூரை மேல் கட்டிவிடலாமா? (நாமக்கல்)

லேசான படகென்றால் கட்டலாம். கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டியைக் கட்டிக்கொடுத்தவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஏசி, சோலார் தகடு, தண்ணீர்த் தொட்டி என்று ஏற்கெனவே மேலே ஏற்றியிருப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். உயரத்தில் எடை கூடினால் வளைவில் வண்டி சாய்வதும் கூடும்.

படகைக் கவிழ்த்துத்தான் கட்ட வேண்டும். நிமிர்த்திக் கட்டியிருக்கும்போது மழை பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள படகில் பத்து சென்டிமீட்டர் நீர் தேங்கினால் 300 லிட்டர். எடை 300 கிலோ. நீங்கள் காட்டேரியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கூரை மேல் நான்கு பேர் ஏறி உட்கார்ந்துகொண்டதற்குச் சமம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. இந்த மலையின் மழையை எடைபோடாமல் வராதீர்கள்.

குறுக்கே இரண்டு பட்டைகள், மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் கீழ்நோக்கி ஒவ்வொரு கயிறு. மூக்குக் கயிறு இல்லாவிட்டால் எதிர்க்காற்று படகைத் தூக்கும். அதைப் பிளாஸ்டிக் பம்பரில் கட்டக்கூடாது. வண்டியை இழுக்கும் கொக்கியில் கட்டுங்கள். ராட்செட் பட்டையைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் ஃபைபர் நசுங்கிக் கீறல் விடும். பட்டை காற்றில் ரீங்காரமிடுகிறது என்றால் இறுக்க வேண்டாம், பட்டையை ஒரு முறை புரட்டிக் கட்டுங்கள், சத்தம் நின்றுவிடும். கிளம்பிப் பத்து கிலோமீட்டரில் இறங்கி ஒரு முறை இழுத்துப் பாருங்கள். புதுக் கட்டு எப்போதும் தளரும்.

காற்றுப் படகை வீட்டிலேயே ஊதி, கேரியரில் கட்டிக்கொண்டு வந்தால் ஏரிக்கரையில் நேரம் மிச்சம் அல்லவா? (கோவை)

நேரம் மிச்சமாகும், படகு மிச்சமாகாது. கோவையில் நல்ல வெயிலில் 3 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஊதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். உள்ளே இருக்கும் காற்று குளிரில் கொஞ்சம் சுருங்கும் என்றாலும், வெளியே எதிர்த்து அழுத்துவது குறைந்துவிடுவதால் அதே படகு மலையுச்சியில் 5 பிஎஸ்ஐ அளவுக்குக் காட்டும். அந்த அழுத்தத்தில் ஒட்டு விட்டுப்போவது பெரும்பாலும் தரைப்பகுதியும் பக்கக் குழலும் சேருகிற இடத்தில்தான். அந்த ஓரத்தைத் தடவிப் பாருங்கள், பசைக்கோடு வெள்ளையாக விரிந்திருந்தால் தண்ணீரில் இறக்காதீர்கள்.

மேலே வந்து ஊதுங்கள். குளிர்ந்த நீரில் இறக்கியதும் படகு கொஞ்சம் தொய்யும். அதைக் கண்டு மறுபடி கல்லாக ஊதிவிட்டு, மதிய வெயிலில் கரையில் இழுத்துப் போடாதீர்கள். வெயிலில் வைப்பதானால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். பம்ப், ஒட்டுத்துணி, பசை, வால்வுச் சாவி ஆகிய நான்கும் ஒரே பையில், படகோடு இருக்க வேண்டும்.

நீலகிரியில் எந்த ஏரியில் சொந்தப் படகை இறக்கலாம்? (பலர்)

எல்லோரும் கடைசியாகக் கேட்கும் கேள்வி. முதலில் கேட்டிருக்க வேண்டும்.

உதகை ஏரியிலும் பைக்காராவிலும் படகு இல்லங்களை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். அங்கே அவர்கள் படகில் ஏறலாம், உங்கள் படகை இறக்க முடியாது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி, போர்த்திமந்து எல்லாம் நீர்மின் திட்டங்களுக்காகக் கட்டிய அணைகள். தண்ணீர் மின்வாரியத்துடையது, கரை பெரும்பாலும் வனத்துறையுடையது, மீன் மீன்வளத்துறையுடையது. மூன்று வாசல்களையும் தட்ட வேண்டும். உதகை மீன்வளத்துறை அலுவலகத்தில் தூண்டில் உரிமம் வாங்கிவிட்டால் படகு இறக்கவும் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. முக்குருத்தி தேசியப் பூங்காவிலும் முதுமலை புலிகள் காப்பகத்திலும் தூண்டிலை எடுக்கும் எண்ணமே வேண்டாம். மாயாற்றில் வாழும் கூன்முதுகு மகசீர் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன்.

என் அபிப்பிராயம்: டிரவுட் மீனுக்குப் படகு தேவையே இல்லை. அது கரையோரம், ஓடைகள் வந்து சேரும் வாய்களில் கிடைக்கும் மீன். வெள்ளைக்காரர்கள் இங்கே கொண்டுவந்து விட்ட அந்த மீனுக்குக் குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீர் வேண்டும். ஓடை நீர் விழும் இடத்தில்தான் அது காத்திருக்கும். படகு ஆசை தீர வேண்டுமென்றால், சொந்தக் குளம் உள்ள எஸ்டேட் விடுதி ஒன்றைப் பிடித்து, உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். அங்கே பெரும்பாலும் கெண்டைதான் இருக்கும். பிடிப்பதற்கு டிரவுட்டைவிடச் சுவாரசியமான மீன் என்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள்.

பேரிஜம் ஏரியில்? (மதுரை)

கூடாது. கொடைக்கானல் பக்கம் உள்ள பேரிஜம் பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி, போய்ப் பார்ப்பதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். கொடைக்கானல் ஏரியிலும் அங்குள்ள படகுக் குழாம்களின் படகுகள்தான். இ-பாஸ் கொடைக்கானலுக்கும் உண்டு.

பெங்களூரிலிருந்து வருகிறோம். மசினகுடி, கல்லட்டி வழி தூரம் குறைவு என்கிறார்களே?

தூரம் குறைவுதான். 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான ஏற்றம், வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை. கேரவனுக்கு அது பாதையே அல்ல. கூடலூர் வழியாக வாருங்கள். பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். குண்டலுப்பேட்டையில் வந்து நின்றுகொண்டு யாரிடமும் வாதாடிப் பயனில்லை.

டிசம்பரில் வருகிறோம். இரவில் வண்டிக்குள் குளிர் தாங்க என்ன செய்யலாம்? கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா? (திருச்சி)

வேண்டாம். இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்.

மூடிய வண்டிக்குள் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, இருமலும் வராது. தலை கனக்கும், தூக்கம் வரும். மலையில் குளிருக்காகத் தூக்கத்தைத்தானே தேடுகிறோம். அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நெருப்பு அணைந்து தணலாகக் கிடந்தாலும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். வெளியே சமைத்து முடித்த கரித்தட்டை "சூடாக இருக்கட்டும்" என்று உள்ளே எடுத்து வைப்பதும் அதே ஆபத்து. கேஸ் அடுப்பையும் அறையைச் சூடாக்கப் பயன்படுத்தக்கூடாது. சமைக்கும்போது இரண்டு பக்க ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே அணையுங்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கைக்கு அருகே மாட்டுங்கள். கேரவனுக்கு வாங்கும் முதல் பொருள் அதுவாக இருக்கட்டும், படகெல்லாம் பிறகு.

குளிருக்கு வேண்டியது கீழே இருந்து வரும் குளிரைத் தடுப்பது. மெத்தைக்கு அடியில் ஒரு தடித்த பாய், ஜன்னல் கண்ணாடிகளுக்கு உள்பக்கம் வெட்டிப் பொருத்திய ஃபோம் தகடு, வெந்நீர்ப் பை, கம்பளித் தொப்பி. தலையை மூடினால் பாதிப் போர்வை மிச்சம். மூச்சுக்காற்று தண்ணீராகிக் கூரையிலிருந்து சொட்டும் என்பதால் ஒரு ஜன்னலை விரல் அகலம் திறந்தே வையுங்கள்.

அரிசி வேகவே மாட்டேன் என்கிறது. அடுப்பு சரியில்லையா? (அதே வாசகரின் மனைவி)

அடுப்பு சரிதான், அம்மா. உதகை உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரில் வையுங்கள்.

படகுக்கு எலெக்ட்ரிக் மோட்டார் வாங்கினேன், 12 வோல்ட். 100 ஆம்பியர் பேட்டரி ஒரு நாள் தாங்குமா? (திருப்பூர்)

சிறிய மோட்டாரே முழு வேகத்தில் 30 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே உங்களிடம் இருப்பது 50 ஆம்பியர்-மணிதான். ஒன்றரை மணி நேரம் கிடைக்கும், குளிரில் அதிலும் கொஞ்சம் குறையும். மெதுவாக, 8 அல்லது 10 ஆம்பியரில் ஓட்டினால் காலை முழுதும் வரும். அந்த பேட்டரி 25 கிலோவுக்குக் குறையாது. அணைக்கரையில் நீர் இறங்கியிருக்கும் காலத்தில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரை சரிவில், சேற்றில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். லித்தியம் பாஸ்பேட் பேட்டரி எடையில் பாதிதான். ஆனால் உறைபனி விழும் தலைகுந்தா போன்ற இடத்தில் அதிகாலையில் அதற்குச் சார்ஜ் போடாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் அது கெட்டுவிடும். வெயில் வந்த பிறகு போடுங்கள். மோட்டார் இருந்தாலும் துடுப்பு இரண்டு படகில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும். லைஃப் ஜாக்கெட் கட்டாயமா? (சேலம்)

அவர்கள் நீந்திப் பழகியது சேலத்துக் கிணற்று நீர். மலை நீரில் திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது; வாய் தானாகத் திறந்து இழுக்கும். அந்த இழுப்பு தண்ணீருக்குள் நடந்தால் நீச்சல் வீரரும் மூழ்குவார். சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போய்க் கயிற்றைப் பிடிக்க முடியாது. குழந்தைகளுக்குத் தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டையும் தொடையிடைப் பட்டையும் உள்ள 100 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) வகை வாங்குங்கள். 50 என்று போட்டிருப்பது நீந்தத் தெரிந்த பெரியவர்களுக்கானது. போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிது.

பிடித்த மீனை இரவு வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாமா? (பொள்ளாச்சி)

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடிகள் எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கடைக் கதவையே உடைக்கின்றன. காட்டெருமை தெருவில் நடக்கிறது. மீனை அன்றே சமைத்துவிடுங்கள். குடல், செதில், மீதமான புழு எதையும் வண்டிக்கு அடியில் போடாதீர்கள். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, தங்கும் விடுதியின் குப்பைத் தொட்டியில் சேருங்கள். காட்டோரச் சாலையில் வண்டியை நிறுத்திப் படுப்பதும் கூடாது. காலைத் தூண்டிலுக்கு நான்கு மணிக்குக் கதவைத் திறக்கும்போது முதலில் டார்ச் வெளியே போகட்டும், பிறகு நீங்கள்.

ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் படகைக் கொண்டுபோகும்போது கழுவ வேண்டுமா? (கரூர்)

கட்டாயம். சமவெளிக் குளத்தின் ஆகாயத்தாமரைத் தண்டுத்துண்டு ஒன்று படகின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், அடுத்த ஏரியிலும் அது பரவிவிடலாம். முதல் ஏரிக்கரையிலேயே தண்ணீரை முழுவதும் வடியுங்கள், செடியைப் பிய்த்தெடுங்கள், நங்கூரக் கயிற்றையும் சேர்த்துக் கழுவிக் காயவையுங்கள். உயிருள்ள மீனை இரையாகக் கொண்டுவராதீர்கள். தூண்டில் இரைக்கு மண்புழு இங்கேயே கிடைக்கும். எஸ்டேட் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், எருக்குழியின் ஓரத்தில் தோண்டுங்கள்.