படத்தில் சிவப்பு, கையில் கரி: கார்னெட் ரஃப்

வணக்கம். ஆன்லைனில் வாங்கிய 200 கிராம் கார்னெட் ரஃப் (பட்டை தீட்டாத ரத்தினக் கல்) படத்தில் மாதுளை முத்தாகவும் கையில் கரியாகவும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கல் போலியாக இருக்க வேண்டியதில்லை. கார்னெட்டில் அல்மண்டைன் என்ற வகைக்கு நிறம் அடர்த்தி. கல் தடிக்கத் தடிக்க உள்ளே போன வெளிச்சம் திரும்பாது. விற்பவர்கள் நனைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுப்பார்கள். ஈரத்தில் மேல் விரிசலும் மறைந்துவிடும்.

நன்றாகக் காயவைத்து, இருட்டில் பக்கவாட்டில் டார்ச் பிடித்துப் பாருங்கள். உள்ளே தகடுபோல் மின்னினால் விரிசல். அதை ஒட்டியே அறுத்துப் பிரித்துவிடுங்கள். அப்படியே டாப் குச்சியில் (தீட்டும்போது கல்லை ஒட்டிப் பிடிக்கும் குச்சி) மெழுகு வைத்துச் சூடாக்கினால் கல் பிளக்கலாம்.

சுத்தமான துண்டுகளை 4-5 மி.மீ. அளவில் பட்டை தீட்டுங்கள், சிவப்பு வரும். பெரியவற்றைக் கபோஷானாக்கி (பட்டையில்லாமல் மேலே வழவழப்பாகக் குவித்துத் தீட்டி) அடிப்பக்கத்தைக் குடைந்து மெலிதாக்கலாம். ஐரோப்பிய நகைகளில் இது பழைய வழக்கம்.

அடுத்த முறை, உலர்ந்த கல்லை வெள்ளைத்தாளில், பகல் வெளிச்சத்தில், ஸ்கேலோடு வீடியோ கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கிலோ விலை மலிவென்றால் நல்லதைப் பொறுக்கிய மிச்சமாகவும் இருக்கலாம். பட்டை தீட்டியபின் எடையில் கால்பங்கு தேறினாலே நல்லது: 1 கிராம், அதாவது 5 காரட் ரஃபுக்கு, சுமார் 1.25 காரட். கொடுத்த விலையைத் தேறும் காரட்டால் வகுத்துப் பாருங்கள்.