டயாலிசிஸ் கருவியோடு ஒரு செயற்கை நுரையீரல்: கேள்வி பதில்

சிறுநீரகமும் நுரையீரலும் சேர்ந்து தளர்ந்தவர்களுக்கு, ஐசியூவில் டயாலிசிஸ் சுற்றிலேயே ஒரு சவ்வைக் கோத்து ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் தீவிர சிகிச்சை மருத்துவர்.

நர்சிங் மாணவி: சார், உடம்புக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியில் நிமிடத்துக்கு நாலைந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. இதற்கு அரை லிட்டர்கூட வேண்டாம் என்கிறார்களே?

கார்பன் டை ஆக்சைடை மட்டும் எடுக்கப் போதும்மா. சிரை ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே முக்கால் பங்கு ஆக்சிஜனோடுதான் வரும். லிட்டருக்கு இன்னும் 50 மில்லி ஏற்றினாலே பெரிது. கார்பன் டை ஆக்சைடோ லிட்டருக்கு ஏறத்தாழ 500 மில்லி இருக்கிறது, பெரும்பகுதி பைகார்பனேட் என்னும் கரைந்த வடிவில். ஓய்வில் இருக்கும் உடம்பு நிமிடத்துக்கு உண்டாக்குவது 200 முதல் 250 மில்லி. கணக்குப் போட்டால், அரை லிட்டர் ரத்தத்திலேயே ஒரு நிமிடச் சரக்கு மொத்தமும் இருக்கிறது. அத்தனையையும் உருவ முடியாது. ஒரு பகுதி போனாலே வென்டிலேட்டரின் வேகத்தைக் குறைக்கலாம். ஆக்சிஜனுக்கு மட்டும் இதை நம்பி இருக்கக் கூடாது.

நோயாளியின் மகன்: பைகார்பனேட்டாக இருக்கிறதென்றால் டயாலிசிஸ் பில்டரே எடுத்துவிடாதா டாக்டர்?

எடுக்கும், ஆனால் பைகார்பனேட் போனால் ரத்தம் அமிலமாகிவிடும். ஈடாக வேறொரு காரத்தைக் கொட்ட வேண்டும், அது தலைவலி. அதனால்தான் வாயுவை வாயுவாகவே வெளியேற்றும் தனிச் சவ்வு. மெல்லிய குழல்களுக்குள் ஆக்சிஜன் ஓடும், வெளியே ரத்தம் ஓடும். கோலோபோ, கட்டினோனி என்ற ஆராய்ச்சியாளர்கள் 1970களின் பிற்பகுதியிலேயே ஆட்டுக்குட்டிகளில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

டெக்னீஷியன்: நடைமுறையில் எதில் மாட்டிக்கொள்வோம் சார்?

ரத்தம் உறைவதில். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து குறைந்தால் சவ்வு அடைக்கும், கூடினால் நோயாளிக்கு ரத்தம் கசியும். டார்ச் அடித்துச் சவ்வின் மூலைகளைப் பாருங்கள், கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் உஷார். குழல்களில் ஈரம் தேங்கினாலும் வாயு வெளியேறுவது குறையும். கொஞ்ச நேரம் வாயு ஓட்டத்தைக் கூட்டி ஊதித் தள்ளுவோம். அப்புறம், வழக்கமான டயாலிசிஸ் ஓட்டத்திலேயே விட்டுவிடாதீர்கள். நிமிடத்துக்கு 150 மில்லியில் பெரிதாக ஒன்றும் வராது, 300க்கு மேல் போக வேண்டும். ரத்தக் குழாயில் செருகிய கதீட்டர் மடங்கியிருந்தால் அந்த ஓட்டம் கிடைக்கவே கிடைக்காது.

இன்னொரு உறவினர்: அப்பா வென்டிலேட்டரில் இருக்கிறார். இதைக் கேட்டு வாங்கலாமா?

எடுத்த எடுப்பில் வேண்டாம். மூச்சுத் திணறிய 412 பேரிடம் பிரிட்டனில் செய்த ரெஸ்ட் ஆய்வு 2021இல் வெளியானது. 90 நாளுக்குள் இறந்தவர்கள் இந்தச் சிகிச்சை பெற்ற குழுவில் 41.5 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 39.5. பலன் தெரியாததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மூளையில் ரத்தக்கசிவு இந்தப் பக்கம் 9 பேருக்கு, அந்தப் பக்கம் ஒருவருக்கும் இல்லை. ஆகவே எல்லோருக்கும் போடுவதை நான் ஏற்கவில்லை. அப்பாவுக்கு ஏற்கெனவே டயாலிசிஸ் ஓடுகிறது, வென்டிலேட்டரைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு எகிறுகிறது என்றால், புதிதாக இன்னொரு குழாய் குத்தாமலே முயன்று பார்க்கலாம். அதுவும் ரத்தக்கசிவு அபாயம் குறைவாக இருந்தால்தான்.