மாற்றுப்பெயர்ப் பதிவு இருந்தால் சான்றிதழ் தேவையில்லையா?

கேள்வி: எனது சேலைக் கடைக்கு டொட் எல்கே டொமெய்ன் ஒன்றைப் பதிந்து, ஆண்டுக் கட்டணத்துக்கு ஒரு நிறுவனத்திடம் ஒன்லைன் கடை எடுத்தேன். அவர்கள் சொன்னபடி, எங்கள் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. பெயரை அவர்களுடைய சேர்வர் பெயருக்குச் சுட்டும் சி-நேம் பதிவைப் போட்டோம். தளத்தைத் திறந்தால் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. "எங்கள் சேர்வருக்குச் சான்றிதழ் இருக்கிறது, வாடிக்கையாளரைத் தொடர்ந்து போகச் சொல்லுங்கள், உங்கள் பெயரில் வேண்டுமென்றால் தனிக் கட்டணம்" என்கிறார்கள். இது சரியா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: சரியல்ல. எச்சரிக்கையைத் தாண்டி வரும்படி வாடிக்கையாளரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். அட்டை இலக்கத்தைத் தருபவர் அவர்.

சி-நேம் என்னும் மாற்றுப்பெயர்ப் பதிவு, சேர்வரின் முகவரியை எந்தப் பெயரில் தேட வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. முகவரியைக் கண்டுபிடித்த பிறகு, எதிரில் இருப்பது உங்கள் கடைதானா என்று பார்க்கும்போது, உலாவி வாடிக்கையாளர் தட்டச்சு செய்த பெயரையே சான்றிதழில், அதாவது தளத்தின் பெயரை உறுதிப்படுத்தும் மின்னணு ஆவணத்தில், தேடும். பெயருக்குரிய முகவரியைத் தரும் டி.என்.எஸ். அமைப்பின் பதில்கள் பெரும்பாலும் கையொப்பமின்றி வருவதால், பொது வைஃபை ஒன்றில் இருக்கும் மோசடிக்காரர் உங்கள் கடைப் பெயருக்குத் தமது சேர்வரை மாற்றுப்பெயராகக் காட்டிப் பொய்ப் பதில் அனுப்ப முடியும். அவருடைய சேர்வருக்கும் அதன் சொந்தப் பெயரில் முறையான சான்றிதழ் இருக்கும். மாற்றுப்பெயரை ஏற்பதென்றால் உலாவி அவரையும் ஏற்க வேண்டிவரும். இதனால்தான் இணையத் தொழில்நுட்ப விதிகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களில், 2011இல் வந்த 6125உம், அதற்குப் பதிலாக 2023இல் வந்த 9525உம் பயனர் தந்த பெயரையே அடிப்படையாகக் கொள்கின்றன.

நீங்களே பார்க்கலாம். எச்சரிக்கைப் பக்கத்தில் சான்றிதழைத் திறந்து, "சப்ஜெக்ட் ஒல்டர்நேட்டிவ் நேம்" என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே நிறுவனத்தின் பெயர்கள் மட்டும் இருந்து உங்கள் பெயர் இல்லாவிட்டால், பிழை அவர்கள் பக்கம்.

கட்டண விடயத்துக்கு வருவோம். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் சான்றிதழ் அமைப்பு 2015 இறுதியிலிருந்து எவருக்கும் இலவசமாகச் சான்றிதழ் வழங்கிவருகிறது. டொமெய்ன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று சோதிக்கும்போது அது சி-நேமைப் பின்தொடரும். ஆகவே உங்கள் பெயர் ஏற்கெனவே அவர்களுடைய சேர்வரைச் சுட்டுவதால், உங்களிடம் எதுவும் கேட்காமலேயே நிறுவனம் சான்றிதழைப் பெற்றுவிடலாம். சி-நேமை நம்புவது உலாவிக்குக் கூடாதென்றால் இங்கே எப்படி ஆகும் என்று கேட்கலாம். ஒரு கடைத்தெரு வைஃபையில் பொய்ப் பதில் கொடுப்பது எளிது. லெட்ஸ் என்கிரிப்ட்டோ 2020 முதல் இணையத்தின் பல இடங்களிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டு ஒப்பிடுகிறது; அத்தனை இடங்களிலும் பொய்ப் பதில் கொடுப்பது கடினம். ஆக, தனிக் கட்டணத்துக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பெயர் அடங்கிய சான்றிதழை நிறுவித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். பாதுகாப்பான தளம் தருவதாக உறுதியளித்துவிட்டு மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். துரித இலக்கம் 1977. முறைப்பாடு சேவை வழங்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதால் தாமதிக்க வேண்டாம். நிறுவனத்தையே மாற்றினால் பழைய சி-நேம் பதிவை உடனே நீக்கிவிடுங்கள். கைவிட்ட அந்தச் சேர்வர் பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டால், உங்கள் பெயரிலேயே செல்லுபடியாகும் சான்றிதழை அவர் பெற்றுவிட முடியும்.

கேள்வி: டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. இல்லாத வெறும் டொமெய்ன் பெயருக்கும் சி-நேம் போடலாமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: முடியாது. சி-நேம் உள்ள பெயரில் மற்றப் பதிவுகள் இருக்கக் கூடாது என்பது 1987ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 1034 வகுத்த விதி. வெறும் பெயரிலோ டொமெய்னை நிர்வகிக்கும் சேர்வர்களைக் குறிக்கும் என்.எஸ்., டொமெய்னின் அடிப்படை விவரங்களைத் தரும் எஸ்.ஓ.ஏ. ஆகிய பதிவுகள் கட்டாயம் இருந்தாக வேண்டும். அதற்கு ஐ.பி. முகவரியைத் தரும் ஏ பதிவைப் போடுங்கள். சான்றிதழிலும் இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டொமெய்ன் பெயருக்கு முன்னால் எந்தச் சொல் வந்தாலும் ஏற்கும் நட்சத்திரக் குறியிட்ட (*) சான்றிதழ் வெறும் பெயரை உள்ளடக்காது.