பிரசவத்துக்கு டூலா வெச்சுக்கலாமா?

கேள்வி: எனக்கு எட்டாம் மாசம். டூலா, அதாவது பிரசவத்துல துணைக்கு இருக்க பயிற்சி எடுத்த பெண்ண, வெச்சுக்க ஆசை, ஆனா மாமியார் "நாங்கல்லாம் இருக்கோம்ல, வெளியாள் எதுக்கு"ங்கறாங்க. டாக்டர் கோச்சுக்குவாங்களோன்னும் பயமா இருக்கு.
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கோச்சுக்க இதுல ஒண்ணுமே இல்லம்மா. டூலா ஊசி போட மாட்டாங்க, உள்பரிசோதனை பண்ண மாட்டாங்க, வலி ஆரம்பிச்சதுலேர்ந்து குழந்தை பிறக்கற வரைக்கும் கூடவே இருந்து இடுப்ப நீவி விட்டு, மூச்சு விட சொல்லிக்கொடுத்து, நடக்க வெச்சு, தைரியம் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இப்படி விடாம ஒரு ஆள் கூட இருந்தா சிசேரியன் குறையலாம், வலி நேரமும் குறையலாம்னு 26 ஆய்வுகள சேர்த்துப் பாத்த, காக்ரேன்ங்கற மருத்துவ ஆய்வு அமைப்போட 2017 அறிக்கை சொல்லுது.

அரசு ஆஸ்பத்திரி லேபர் ரூம்ல துணைக்கு ஆள் இருக்கலாம்னு மத்திய அரசு 2016லயே சொல்லிடுச்சு, ஆனா அந்த விதிப்படி பிரசவ அனுபவம் உள்ள சொந்தக்காரப் பெண்ணுக்குத்தான் முதல் இடம், அதனால ஜிப்மரோ எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் ஆஸ்பத்திரியோ தனியாரோ, எங்க போனாலும் "டூலாவ உள்ள விடுவீங்களா"ன்னு இப்பவே கேட்டுடுங்க. ஒருத்தரத்தான் விடுவோம்னா அது யாருன்னு நீங்கதான் சொல்லணும், வேற யாரும் இல்ல.

மாமியாரையும் டூலாவோட ஒரு தடவ உக்கார வைங்க, பாதி சந்தேகம் அங்கயே தீந்துடும். நடந்துக்கிட்டே வலி தாங்கலாமா, மல்லாந்து படுக்காம பெத்துக்கலாமா, குழந்தை வெளிய வர பிறப்புறுப்புல கீறல் போடறதுக்கு முன்னாடி சொல்லுவீங்களா, பிறந்ததும் குழந்தைய என் நெஞ்சுமேல போடுவீங்களா, இதெல்லாம் எழுதி டாக்டர்கிட்ட கொடுங்க, உங்க உடம்பு, கேக்க முழு உரிமை இருக்கு. அவசரத்துல டாக்டர் சிசேரியன் வேணும்னா குறுக்க நிக்கற டூலா மட்டும் வேண்டவே வேண்டாம்.